குழாய் சரியாகிவிட்டது, மச்சான்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். நீங்களும், அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் அவசரப்பட வேண்டாம், ஆற அமர இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள், என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைக் கண்டறியும் வெற்றிடக் குழாய்கள் மூன்றை ஆய்வுக்கூடத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். குழாயின் கண்ணாடி முகப்பில் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரான்கள் கிளம்பி உள்ளே வரிசையாக இருக்கும் தகடுகளில் முதல் தகட்டுக்கு ஓடும். நடுவில் கிளம்பியது முதலில் வந்துவிடும், ஓரத்தில் கிளம்பியது ஊர் சுற்றிவிட்டு வரும், எல்லாம் ஒன்றாக வந்து சேர வேண்டும், பன்னிரண்டு நானோ செகண்ட் தாமதத்தை மூன்றாக்கு என்றார் மேலாளர். மின்னழுத்தத்தை ஏற்றினேன், பொறி பறந்து ஒரு குழாய் போய்ச் சேர்ந்தது, மேலாளர் தாம் தூம் என்று குதித்தார். மிச்சம் இரண்டு. அவற்றின்மேல் விளக்கு வெளிச்சம் பட்டால் ஒரு நாள் முழுக்க இருட்டில் கிடந்தால்தான் நிதானத்துக்கு வரும், அங்கேயோ யாராவது விளக்கைப் போட்டுவிடுகிறார்கள், அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் தங்கையின் துணி அலமாரியில் வைத்தேன். துண்டு எடுக்க அவள் அதைத் திறந்தாள். "மூடு!" என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை.

"நானும் ஒரு நாள் இதுக்குள்ள உட்கார்ந்தா, என்னையும் பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அவள், எங்காவது இரண்டு நாள் போய் வருவோமா என்று கேட்டிருக்கிறாள். என் புத்தி ஓரத்து எலக்ட்ரானோடு அலைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை முகம் கழுவும்போதுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. ஈர முகத்தோடு சமையலறைக்கு ஓடி, "எங்க போகலாம்?" என்றேன். அங்கே அடுப்புதான் இருந்தது. அவள் வியாழக்கிழமையே பஸ் ஏறிவிட்டாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம், நானும் தலையாட்டினேனாம், பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார்.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். அவள் துணி ஒன்றுகூட இல்லை. இரண்டு குழாய்களை மட்டும் தன் பழைய சால்வையில் பத்திரமாகச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன், மச்சான்.

நேற்று முகப்புக்கும் முதல் தகட்டுக்கும் இடையில் மட்டும் மின்னழுத்தத்தைக் கூட்டினேன், ஓரத்தில் கிளம்பியதும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. மூன்றே நானோ செகண்ட். மேலாளர் கைகுலுக்கினார். வீட்டுக்கு ஓடிவந்தேன், சொல்ல ஆள் இல்லை. "இதனால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று அவள் கேட்பாள், அதைக் கேட்கவாவது ஆசையாக இருந்தது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பாடு தூக்கமெல்லாம் ஜோர்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: சாப்பாடு, தூக்கம், ஆற அமர, எல்லாம் சுத்தப் பொய். தபாலில் போட்டால் நாள் ஆகும் என்று கடிதத்தை நானே கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என்னால் வாய் திறக்க முடியவில்லை. உள்ளே போய் அவளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கள்.