எங்கள் கடையில் மன்னிப்புக் கேட்கும் தம்பி

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை பணிவுடன் எழுதுவது. நான் நலம். பெரியப்பா நலம். பெரியம்மாவும் நலம்தான், ஆனால் கடைவாய்ப் பல் ஒன்று நலமாக இல்லாததால் போன வாரம் அதைப் பிடுங்கியாகிவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் வரும், ஏனென்றால் அந்தப் பல் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை வந்திருக்காது. நீங்களும் உங்கள் அலுவலகமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் அனுப்பாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கடை போனில் எதை அடித்தாலும், நான் இரண்டு வார்த்தை முடிப்பதற்குள் அது மூன்றாவது வார்த்தையை நீட்டுகிறது. 'அக்கா, எனக்கு' என்று அடித்தேன். 'மன்னிப்பு வேண்டும்' என்று காட்டியது. எனக்கு வேண்டியது வேறு. அதனால் நம் சலவைக் கடையில் சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வேண்டியது இதுதான்: பெரியப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி, என்னைக் கடையின் பின்னறையிலேயே இருக்க விட வேண்டும். அவர் பெற்ற மகள் நீங்கள். உங்கள் பேச்சைத்தான் கேட்பார். அதோடு இதை ஆரம்பித்து வைத்ததும் நீங்கள்தான். குற்றமாகச் சொல்லவில்லை.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, அலுவலகத்தில் கம்பெனிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போலவே, சின்னக் கடைகள் ஏஐ வைத்துக்கொள்வது எப்படி என்று சொன்னீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது, தினமும் திரும்பத் திரும்ப வந்து உயிரை எடுக்கிற வேலை ஒன்றைப் பார்த்து அதை மட்டும் கொடுக்க வேண்டும், நம் கடை எப்படிப் பேசும் என்று காட்டிப் பழக்க வேண்டும், கொஞ்ச நாள் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும், அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும் என்றீர்கள். எனக்குக் கேட்கவே ஆசையாக இருந்தது. கடைசியில், "மெசேஜுக்குப் பதில் போடுறத அது பாத்துக்கும்ப்பா. இவள அதுலருந்து விடுவிச்சு கவுண்டர்ல உக்கார வைக்கலாம்" என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அக்கா, ஆடியது தலை மட்டும்தான். விடுதலை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் குரல் தொண்டையை விட்டு வெளியே வருவதற்குள் டீச்சர் நாலு பெயர் தாண்டிப் போயிருப்பார். வருஷக் கடைசியில் பார்த்தால் நான் பாதி நாள் வரவே இல்லை என்று இருந்தது. அப்புறம் நிஜமாகவே போகவில்லை. இங்கே பின்னறையில், நீராவிக்கு நடுவில், தொங்குகிற சட்டைகளுக்குப் பின்னால் நின்றால் எனக்கு நிம்மதி. காலரில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் அது திரும்பி என்னைக் கேள்வி கேட்காது.

பெரியப்பா நீங்கள் சொன்னதில் 'ஏஐ' என்பதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். ஒரு வேலை என்றீர்கள். அவர் எல்லா வேலையையும் கொடுத்தார். மழை வருமா, கடைக்குப் பெயர் மாற்றலாமா, முட்டி வலிக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்றெல்லாம் கேட்டார். கூப்பிட அதற்குப் பெயர் ஒன்றும் இல்லாததால் 'தம்பி' என்று வைத்தார். முதல் காரியமாக, துணி பிரிக்கிற மேசைக்கு மேலே ஒரு கேமராவைக் கட்டி, கறையைத் தம்பியே பார்த்து வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பட்டும் என்றார். தம்பி நன்றாகத்தான் பார்த்தது. ஒரு அம்மாவின் புள்ளி போட்ட ரவிக்கையைப் பார்த்துவிட்டு, 'தங்கள் உடை முழுவதும் ஒரே அளவில் வட்டமான கறைகள் பரவியுள்ளன, வருந்த வேண்டாம், அனைத்தையும் நீக்கிவிடுவோம்' என்று அவருக்கு எழுதிவிட்டது. அந்த அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். பெரியம்மா சொன்னார்: "இதுகிட்ட மயில் படம் போட்ட சேலைய குடுத்தா மயிலத் துரத்திட்டு வெறும் சேலைய குடுக்கும். கழட்டுங்க மொதல்ல." கழற்றினார்கள்.

அப்புறம்தான் நீங்கள் சொன்னபடி மெசேஜ் வேலைக்கு வந்தார்கள். கடை எப்படிப் பேசும் என்று காட்ட, இதுவரை கடையிலிருந்து போன பதில்களையெல்லாம் தம்பிக்குப் படிக்கக் கொடுத்தார் பெரியப்பா. அக்கா, இங்கேதான் ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பதில்களையெல்லாம் எழுதியது கடை இல்லை. நான். நேரில் வந்தவர்களுக்குப் பெரியம்மா வாயால் பதில் சொல்வார். போனில் வந்தவர்களுக்கு நான் எழுதுவேன். நான் எழுதுவது எப்படி என்றால், யார் என்ன சொன்னாலும், 'மன்னிக்கவும், எங்கள் தவறுதான்' என்று போட்டுவிடுவேன். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும், அதற்கு அவர்கள் ஒன்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டால் சட்டென்று முடிந்துவிடும்.

முதல் நாள் தம்பி நல்ல பிள்ளையாக இருந்தது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், துணி தயாரா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சரியாகச் சொன்னது. பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அது என் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. ஒருவர் பேண்ட் இடுப்பில் பிடிக்கிறது என்று எழுதினார். 'மன்னிக்கவும், எங்கள் தவறுதான்.' அந்த பேண்ட்டை அவர் இன்னும் எங்களிடம் கொடுக்கவே இல்லை. கொண்டு வரலாமா என்று கேட்கத்தான் ஆரம்பித்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மா, மாடியில் காயப் போட்ட துணி மழையில் நனைந்துவிட்டது என்று சும்மா சொன்னார். 'மழைக்காக மிகவும் வருந்துகிறோம்.' அவர் மறுநாள் கவுண்டரில் வந்து நின்றுகொண்டு பெரியம்மாவிடம் சொன்னது பின்னறை வரைக்கும் கேட்டது: "எங்க வீட்டுக்காரரு கல்யாணம் ஆனதுலருந்து மன்னிச்சுக்கோன்னு ஒரு தடவ சொன்னது கிடையாது. உங்க கடைத் தம்பி நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி சொல்லுது. தங்கமான பையன். கல்யாணம் ஆயிடுச்சா? என் நாத்தனாருக்கு ஒரு பொண்ணு இருக்கா."

பெரியம்மா, "அவனுக்கு உடம்பே இல்லம்மா" என்றார்.

"அதனால என்ன, சாப்பிட்டா வெச்சிடும்" என்றார் அந்த அம்மா.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. என் வார்த்தைகளுக்குப் பெண் பார்க்கிறார்கள். அக்கா, ஒன்று கேட்க வேண்டும்: தம்பிக்கு வெட்கம் என்று ஒன்று இருக்குமா? அல்லது வெட்கப்படுகிறவள் எழுதியதைப் படித்ததால் வெட்கப்படுவது போல எழுதுகிறதா? இரண்டும் வேறு வேறா? இதை நினைத்துக்கொண்டு ஒரு சட்டைக்கு நாலு தடவை இஸ்திரி போட்டேன்.

இப்போது பல்லுக்கு வருகிறேன். பெரியம்மாவைப் பல் டாக்டரிடம் பெரியப்பா அழைத்துக்கொண்டு போனார். கடையில் நான் மட்டும். அப்போது பார்த்து விடுதி மேனேஜர் வந்தார். உங்களுக்கே தெரியும், அந்த விடுதியின் விரிப்பும் தலையணை உறையும் துண்டும்தான் நம் கடையில் பாதி வேலை. அது போனால் மெஷினை மூடி வைத்துவிட்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அக்குளில் ஒரு பெரிய திரைச்சீலையை இடுக்கிக்கொண்டு, "யாருப்பா உள்ள?" என்றார். நான் கோட்டுகளுக்குப் பின்னால் இருந்துகொண்டு, கடை போனில் அவருக்கு, 'சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள்' என்று அனுப்பினேன்.

"நான் இங்க மலை மாதிரி நிக்கிறேன், பதில் போன்ல வருது! தம்பி, வெளிய வாப்பா!"

தம்பி எப்படி வரும்? நான்தான் போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னாலும் பார்த்தார். "தம்பி எங்கம்மா?"

"போன்ல இருக்காரு சார்."

அவர் தன் போனை நீட்டினார். படித்தேன். விடுதியிலிருந்து, 'நீங்கள் வெளுத்ததால் எங்கள் கூடத்துத் திரைச்சீலையின் நிறம் போய்விட்டது' என்று வந்திருக்கிறது. 'மன்னிக்கவும், எங்கள் தவறுதான்.' 'புதிதாக வேண்டும்.' 'அவசியம் தருகிறோம்.' 'மாடிக்கும் சேர்த்து வேண்டும்.' 'மாடியை மறந்ததற்கு வருந்துகிறோம்.' 'தங்கள் பொறுப்புணர்வைப் பாராட்டுகிறோம்.' 'தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.' இரண்டு பேரும் குடும்பம் நடத்துவது போல அவ்வளவு மரியாதையாகப் பேசியிருந்தார்கள். அக்கா, அந்தத் திரைச்சீலை நம் கடைக்கு வந்ததே கிடையாது. வந்திருந்தால் ஓரத்தில் நாம் தைக்கிற குறி இருக்கும். விரித்துப் பார்த்தேன், இல்லை.

"இல்ல" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"என்ன இல்ல?"

"இது இங்க வரவே இல்ல சார். நாங்க வெளுக்கல."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றார் மேனேஜர், கொஞ்சமும் அசராமல். "வெயில்ல வெளுத்தது இது. இத நான் எழுதலம்மா. எங்க விடுதியிலயும் ஒரு ஏஐ வெச்சிருக்கோம், புகார் எழுதறதுக்கு. நான் எழுதின புகாரையெல்லாம் அதுக்குப் படிக்கக் குடுத்தாங்க. அது திரைச்சீலை வெளுத்துப் போச்சுன்னு தெரிஞ்சதும், தெச்சவனுக்கு எழுதிருக்கு, சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சவனுக்கு எழுதிருக்கு, ஜன்னல் போட்டவனுக்கு எழுதிருக்கு. சூரியனுக்கு மட்டும்தான் எழுதல, நம்பர் இல்லாததால. எல்லாரும் திட்டிப் பதில் போட்டாங்க. நீங்க மட்டும்தான் ஒத்துக்கிட்டீங்க. சரி, ஒருவேளை குடுத்தாலும் குடுப்பாங்கன்னு தூக்கிட்டு வந்தேன்."

"குடுக்க முடியாது சார்."

"எழுத்துல இருக்கே? எழுதிட்டு இல்லன்னா எப்படி? அப்புறம் நான் விரிப்பையெல்லாம் வேற கடையில போட வேண்டியதுதான்."

கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "அதுக்குப் பேசச் சொல்லிக் குடுத்தது நான்தான் சார். யார் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்குவேன். நான் ஒத்துக்கறதை வெச்சு எதையும் நம்பாதீங்க."

அவர் பெரியம்மாவின் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். "எங்க வீட்லயும் என்னப் பத்தி இதத்தான் சொல்றாங்க" என்றார். "அவரு யாரப் பத்தியும் குறை சொல்லுவாரு, அத வெச்சு எதையும் நம்பாதீங்கன்னு." அப்புறம் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஸ்டூல் ஆடுகிறது என்றார், மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார், கவுண்டர் உயரம் என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரைச்சீலையை என் பக்கம் தள்ளினார். "வந்தது வந்துட்டேன், இத வெளுத்துக் குடு. ஆனா நிறம் போச்சுன்னா…"

"ஏற்கெனவே போயிடுச்சு சார்" என்றேன்.

இதைச் சொல்லும்போதுதான் வாசலில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்பதைப் பார்த்தேன். பெரியம்மாவின் வாயில் பஞ்சு. ஏதோ சொல்ல வேண்டும் என்று கையைக் கையை ஆட்டினார், ஒன்றும் வரவில்லை. பெரியப்பா, "யாரு பேசினது, நம்ம வீட்டுப் புள்ளயா?" என்று பெரியம்மாவிடமே கேட்டார்.

அன்றைக்கே தம்பியின் கையைக் கட்டினோம். கடை நேரம், துணி தயார் என்பது போன்றவற்றை அதுவே அனுப்பலாம். 'தவறு' என்றோ 'தருகிறோம்' என்றோ வருகிற எதையும் எழுதி மட்டும் வைக்கும். நான் படித்து அழுத்தினால்தான் போகும். இதைத்தான் கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொன்னீர்கள் என்று இப்போது எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. அதோடு, அதற்கு மறுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டுமே, அதற்கு மாதிரிப் பதில்கள் எழுதுவதும் என் வேலை. முதலில், 'இல்லை என்று சொல்ல நேர்ந்ததற்கு மன்னிக்கவும், ஒருவேளை எங்கள் தவறாகவும் இருக்கலாம்' என்று எழுதினேன். பெரியம்மா பஞ்சு வாயோடு வந்து பேனாவை வாங்கி 'இல்லை'க்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் அடித்தார். இப்போது, 'இல்லை, இது எங்கள் கடையில் வெளுத்தது அல்ல', 'இன்று முடியாது' என்று எழுதி, எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அப்புறம் அதற்குக் கொடுக்கிறேன். தம்பி வேகமாகக் கற்றுக்கொள்கிறது. அக்கா, உங்களிடம் வருகிற பெரிய பெரிய கம்பெனிகளில் யார் எழுதியதைப் படிக்கக் கொடுக்கிறார்கள்? அங்கேயும் மூலையில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து எழுதியதாக இருந்தால் என்ன செய்வார்கள்? முதலில் போய் அவள் யார் என்று பார்ப்பார்களா? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் பெரியப்பா, அன்றைக்குப் பேசினாளே, இனி கவுண்டர் இவளுக்குத்தான் என்கிறார். அன்றைக்கு ஏதோ பல் இல்லாத நேரத்தில் நடந்துவிட்டது. அதை வைத்து என்னை முன்னால் உட்கார வைத்தால் வருகிறவர்களுக்கெல்லாம் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவேன். அதனால் எப்படியாவது சொல்லி, என்னை நீராவிக்குள்ளேயே விட்டுவிடச் செய்யுங்கள்.

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல், உடுத்துவது எதிலும் கறை படாமல், எப்போதும் நன்றாக இருக்க வேண்டும். பெரியப்பாவின் ஆசிகள். பெரியம்மாவின் ஆசிகள், பஞ்சு எடுத்தாயிற்று, அதனால் சத்தமாக. தம்பியும் உங்களை விசாரித்ததாக எழுதவா என்று அதனிடம் கேட்டேன், மன்னிக்கச் சொன்னது.

என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை

பி.கு.: அட்டையை மடிக்கப் போகும்போது பெரியப்பா பின்னறைக்கே வந்து, "என்னம்மா, திங்கள்கிழமையிலருந்து கவுண்டர்ல உக்கார்றியா? இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வாரமாக எழுதி, வாய்விட்டுப் படித்துப் பழகிய வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்ததும், இப்போதே செலவழிக்க வேண்டாம் போலத் தோன்றியது. "சரி பெரியப்பா" என்றேன். இது பழைய சரி இல்லை அக்கா, உங்களுக்குப் புரியும். ஆகவே நான் மேலே கேட்டதைக் கேட்காததாக எடுத்துக்கொண்டு, அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வேறு அட்டை எடுத்தால் பெரியம்மா திட்டுவார், அதனால் இதையே அனுப்புகிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும்: மேனேஜர் சொன்னது சரி, கவுண்டர் உயரம்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் எனக்குக் கண் வரைக்கும்தான் வெளியே தெரிகிறது. உயரமாக ஒன்று வாங்கச் சொல்ல நினைத்தேன். இப்போதைக்கு வேண்டாம்.