நாற்பத்தெட்டுக்கு மேலே

நான்காவது முறையாகக் கணினித் திரை நீலமாகி அணைந்தபோது அவள் கத்தவில்லை. முதல் மூன்று முறையிலேயே கத்தி முடித்திருந்தாள்.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் படமாக்கித் தருவது அவள் வேலை. மாலை ஐந்து மணிக்குள் ஓர் ஆஸ்பத்திரியின் முன்கூடம் தயாராக வேண்டும். கதவு திறந்து, தரையில் வெளிச்சம் விழ, கேமரா உள்ளே நடந்து போகிற இரண்டு நிமிடப் படம். "இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

படம் உருவாகும் வேலை மட்டும் ஓடினால் மெஷின் சமர்த்தாக இருந்தது. கூடவே முதலாளியின் வீடியோ அழைப்பு, ஒரு பக்கம் வரைபடம், இன்னொரு பக்கம் மெயில் என்று நாலு வேலை சேர்ந்தால் திடீரென்று உயிரை விட்டது. அதுவும் எப்போதும் இல்லை, எப்போதாவது. அந்த எப்போதாவதுதான் அவளைக் கொன்றது.

மெஷின் புதியதல்ல. இரண்டு மாதத்துக்கு முன்பு ஓர் அம்மாளிடம் வாங்கியது.

"என் வீட்டுக்காரரோடது. கம்பெனி வச்ச வேகம் அவருக்குப் பத்தாது. அவரே ஏத்தி வச்சுக்கிட்டார். அது முன்னாடி உக்காந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார்" என்ற அந்த அம்மாள், "நாற்காலியையும் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

நாற்காலி வேண்டாம் என்று அவள் அவசரமாகச் சொல்லிவிட்டாள்.

இன்று காலை போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. அளவுக்கு மேல் வேகத்தை ஏற்றினால் மெஷின் சூடாகும், தடுமாறும். மெஷின் கண் விழிக்கும்போது ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கிறது. அதில் வேகத்துக்கு ஓர் எண். கம்பெனி வைத்தது நாற்பத்திரண்டு. இதில் நாற்பத்தெட்டு. அவள் நாற்பத்தாறாக்கினாள்.

தன் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். கணுக்கால் சுளுக்கி ஒரு வாரமாக வீட்டில் இருந்தார். சும்மா இருக்க முடியாமல் அவர் கழற்றிய மிக்ஸி மூன்று டப்பாக்களில் கிடந்தது. "என் மெஷின் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று அவரிடம் அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இப்போது தானே கை வைத்தது தெரிந்தால் மானம் போகும்.

படத்தை ஓடவிட்டு, சூட்டைத் தணிக்க மேஜை மின்விசிறி எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தால் மெஷின் மறுபடி முதலிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

ஐம்பது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐம்பதேதான்.

'நான்தான் தப்பா அழுத்தியிருப்பேன்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு நாற்பத்துநாலுக்கு இறக்கினாள். மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். மேஜைமேல் இருந்த வரைபடத் தாள்கள் அறை முழுவதும் பறந்தன. பொறுக்கி அடுக்கிவிட்டு இரண்டு வாய் சாப்பிடப் போனாள்.

திரும்பியபோது மெஷின் மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. எண் ஐம்பத்தொன்று.

எவனோ வெளியிலிருந்து உள்ளே நுழைந்துவிட்டான்! பாய்ந்து இணையக் கம்பியைப் பிடுங்கினாள். அரை நிமிடத்தில் போன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, வீடியோ காலுக்கு வரச் சொன்னா ஆளையே காணோம்? வேலை நடக்குதா, இல்லையா?"

"நடக்குது சார். நெட்தான் சார்…"

"அஞ்சு மணி. அதுக்கு மேல எனக்குப் போனே பண்ணாதீங்க."

நாற்பத்திரண்டுக்கே இறக்கினாள். மெஷின் மாட்டுவண்டியாயிற்று. 'மீதம்: ஆறு மணி நேரம்' என்றது திரை. கடிகாரத்தில் மணி இரண்டு. இருந்தாலும் கம்பி பிடுங்கியாயிற்று, எவனும் வர முடியாது என்ற ஒரே தைரியத்தில் காவல் இருந்தாள். முக்கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு இயற்கை அழைத்தது. நாலே நிமிடம்தான்.

வந்து பார்த்தாள். படம் நின்றிருந்தது. எண் ஐம்பத்திரண்டு.

கம்பி தரையில் கிடந்தது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அப்படியானால் வந்தவர் உள்ளேயே இருப்பவர். 'கம்பெனி வச்ச வேகம் அவருக்குப் பத்தாது' என்று அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு நாற்காலியில் உட்காரவே பயமாக இருந்தது. முன்பே யாரோ அதில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது.

கூடத்துக்கு ஓடினாள். வீட்டுக்காரர் காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"ஒண்ணுமில்ல. உங்களுக்கென்ன, இப்படி வேர்த்திருக்கு?"

"கால் வலி" என்றார் அவர். அவள் கண்ணைப் பார்க்காமல், அறைப் பக்கமாக ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஏம்மா… அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துடலாமா?"

அவ்வளவுதான், அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது! ஆஸ்பத்திரி, முதலாளி, ஐந்து மணி எல்லாம் மறந்து போயிற்று. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் விற்ற அம்மாளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் இன்னும் போகலைம்மா. இங்கேதான் இருக்கார். நான் வேகத்தை இறக்க இறக்க, அவர் ஏத்தி ஏத்தி வைக்கறார். தயவுபண்ணி மெஷினைத் திருப்பி எடுத்துக்கோங்க."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? இப்பதான் உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, 'பொண்டாட்டி வேலை சீக்கிரம் முடியட்டும்னு அவளுக்குத் தெரியாம நான் ஏத்தி ஏத்தி வைக்கறேன், உங்க வீட்டுக்காரர் இறக்கி இறக்கி வைக்கறார்'னு அழுதார்!"