சுவருக்குள் காற்றுக்கு இடம் ஒதுக்கிய மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக, முக்கியமாகக் குளிர்ச்சியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அத்தான் அப்படி இல்லை. இந்தக் காகிதத்தில் ஆங்காங்கே மை கலைந்திருந்தால் கண்ணீர் என்று எண்ணாதே, வியர்வை.

மின்சாரம் மிச்சமாகும் என்று நீ வரைந்து கொடுத்த வீட்டில் குடியேறிவிட்டோம். அன்றிலிருந்து நான் அதிர்ந்துபோய்க் கிடக்கிறேன். ஒரு கட்டடப் பொறியாளர், அதுவும் சொந்த மைத்துனன், இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை. இத்தனைக்கும் உன் யோசனைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் செய்தேன்.

முதலில் சுவர். நான் கிடங்கில் சரக்கு சரிபார்த்தே தலை நரைத்தவன். எந்த டின்னையும் தட்டிப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. சத்தம் வெற்றாக வந்தால் யாரோ கைவைத்திருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் பாதி எழும்பிய சுவரைத் தட்டினேன். 'டொக்' என்றது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறிப் பார்த்தால் இரண்டு சுவர், நடுவில் ஒன்றுமே இல்லை. மேஸ்திரியைப் பிடித்து, "என்னய்யா இது, உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்றேன். "படத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு. நடுவுல காத்து நிக்கணுமாம், வெயில் சூடு உள்ள வராதாம்" என்றார். "காத்து நிக்கிறதுக்கா நான் வீடு கட்டறேன்?" என்று சத்தம் போட்டு, அவர் தலையில் அடித்துக்கொள்ள, கூடவே நின்று அந்த இடைவெளியையெல்லாம் கான்கிரீட்டால் நிரப்பினேன். மேற்கே ஜன்னல் வேண்டாம் என்றிருந்தாய். மேற்கில்தானே தெரு, பேருந்து நிறுத்தம் எல்லாம்? பார்க்க ஆள் இருக்கிற பக்கம் மொட்டைச் சுவரைக் காட்டவா நான் பாடுபட்டேன்? தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டேன். அதை மறைத்த சன்ஷேடை இடிக்கச் சொன்னேன். மொட்டைமாடிக்கு வெள்ளை பூசச் சொன்னாய். அழுக்குத் தெரியுமே என்று கறுப்பு அடித்தேன். சூடு வெளியேற நீ உயரத்தில் வைத்த வென்டிலேட்டர்களில் புறா நுழையும் என்று அடைத்துவிட்டேன். பின்பக்கத்துச் சாமான் அறையை யார் பார்க்கப் போகிறார்கள், அதையாவது உன் படத்தில் இருப்பதுபோலவே கட்டட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

பலன்? மத்தியானம் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கை பொசுங்குகிறது. அலமாரியில் வைத்த மெழுகுவர்த்தி தலைகுனிந்து நிற்கிறது. ஏசி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைத்தேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் ஓடுது சார், வீடுதான் ஜெயிக்குது" என்றான். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் நான் பனியனோடு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியே வேடிக்கை பார்க்கிறார்கள். நேற்று ஒருவர் பரிதாபப்பட்டு அங்கிருந்தே கைக்குட்டையால் எனக்கு விசிறிக் காட்டினார்!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் அக்காவை என்ன செய்வது? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு மாயமாகிவிடுகிறாள். கூடம், படுக்கையறை, சமையலறை எங்கும் இல்லை. மொட்டைமாடியில் தேடப் போய் உள்ளங்கால் வெந்ததுதான் மிச்சம். சாயங்காலம் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் வந்து நிற்கிறாள். "எங்கே போயிட்டு வரே?" என்றால், "வீட்டுலதான் இருக்கேன்" என்று வாய் கூசாமல் சொல்கிறாள். பக்கத்து வீட்டில் ஜாடையாக விசாரித்தேன். இப்போது தெருவே என்னை விசாரிக்கிறது. நேற்று, "என் தம்பி சொன்னதுல ஒண்ணையாவது உருப்படியா செஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, போகும்போது என் தலையணையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் தலையணையை! இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம், தலையணையில் கைவைத்ததில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு உட்காரவும் தெரியவில்லை, எழுந்திருக்கவும் தெரியவில்லை.

ஆகவே கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வா. உன் அக்காவைக் கண்டுபிடித்து என்னோடு சேர்த்து வை. வீட்டை இடித்துவிட்டு ஒழுங்காக ஒன்று கட்டிக் கொடு. அதுவரை என் முன்னால் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளாதே.

உன் குழந்தைகள் நன்றாகப் படித்து, உன்னைப் போல வீடு வரையாமல், நீண்ட நாள் நல்லபடி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
வெந்துகொண்டிருக்கும் அத்தான்

பின்குறிப்பு: இதைப் போட உறை தேடிக்கொண்டு சாமான் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் குளுகுளுவென்று அடித்தது. பழைய டிரங்குப் பெட்டிக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் நடுவே உன் அக்கா கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். பக்கத்தில் என் தலையணை. நம்ப முடியாமல் சுவரைத் தட்டினேன். 'டொக்'. கண்ணைத் திறக்காமலே, "தட்டினது போதும், உள்ள வந்து கதவைச் சாத்துங்க, சூடு வருது" என்றாள். இந்த வரிகளைப் போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். மொத்த வீட்டையும் சாமான் அறையாக மாற்ற ஒரு படம் போட்டுத் தபாலில் அனுப்பு. நேரில் வந்துவிடாதே, இங்கே மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.