அருள் வராத பூசாரி

"குடியிருப்போர் யாரும் நிறுத்தி வைத்த காருக்குள் நீராவிக் குளியல் எடுக்க வேண்டாம்." இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்ட் அலுவலகம் ஒரு ஜூலை மாதத் திங்கட்கிழமை காலை ஒட்டிய நோட்டீஸ் இது. நகல் என் கோப்பில் இருக்கிறது. எல்லா வீடுகளுக்கும் பொதுவாக எழுதியிருந்தாலும் அது ஒரே ஒருவருக்கானது. டெக்சஸ் வெயில் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட மனிதர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பின்லாந்துக்காரர். இரண்டு ஆண்டு வருகைப் பேராசிரியராக வந்திருந்தார். அவருடைய மக்களும், சைபீரியா வரை சிதறிக் கிடக்கும் அவர்களுடைய மொழிப் பங்காளிகளும் கும்பிட்ட பழைய சாமிகள், மேளமடித்து மயங்கி ஆவிகளோடு பேசிவிட்டுத் திரும்பி வரும் அவர்களுடைய பூசாரிகள், இதுதான் அவருடைய நாற்பது வருடப் படிப்பு. பெயரில் உயிரெழுத்துகள் ஜோடி ஜோடியாக வந்ததால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 'பூசாரி சார்' என்று வைத்துவிட்டோம்.

'ஆமாம்' என்பதை அவர் மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார். அது அவர் நாட்டு வழக்கம். எதிர்வீட்டு டாக்டர் விமலாவுக்கு அது தெரியாது. முதல் நாள் நான் "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். அவர் 'ஹூப்' என்று இழுத்தார். விமலா இன்ஹேலரோடு ஓடிவந்துவிட்டார்.

விமலாவிடம் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. குளிர்காலத்தில் ஹாலுக்குள் தூக்கி வைத்து, விளக்குப் போட்டு வளர்த்த செடி. பூசாரி சார் அதில் கொஞ்சம் கேட்டார். மனிதர் ரசம் வைக்கப் பழகுகிறார் என்று மகிழ்ந்து விமலா ஒரு கிளையையே வெட்டிக் கொடுத்தார். மறுநாள் பிற்பகல் 3.20க்கு யாரோ 911ஐ அழைத்தார்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்த காருக்குள், அரை டிரவுசரோடு பூசாரி சார் தன் முதுகைக் கறிவேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தார். நீராவி அறையில் உட்கார்ந்து பிர்ச் மரக் கிளையால் அடித்துக்கொள்வது அவர்கள் வழக்கமாம். இங்கே அறையும் இல்லை, பிர்ச்சும் இல்லை.

"வாசனை பிர்ச்சைவிட நன்றாக இருக்கிறது" என்று போலீஸ்காரரிடம் பரிந்துரைத்தார்.

"அடப்பாவி மனுஷா, அத்தனையும் கொழுந்து!" என்றார் விமலா.

ஆகஸ்டில்தான் விஷயம் தீவிரமானது. சனிக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் பறைப் பயிற்சி நடக்கும். ஆசான் முருகேசன், மதுரைப் பக்கம். வார நாட்களில் டேட்டாபேஸ் பார்ப்பவர். தோல்பறையைத் தீயில் காட்டி விறைப்பேற்றித்தான் அடிக்க வேண்டும். பூங்காவில் தீ மூட்டத் தடை என்பதால், அவர் பறைகளைக் கார் பானெட்டின் மேல் வரிசையாக வெயிலில் அடுக்குவார். அதைப் பார்த்த பூசாரி சார் சாலையை ஓடிக் கடந்து வந்தார். அவருடைய வடக்குப் பூசாரிகளும் மேளத்தை நெருப்பில் காட்டித்தான் அடிப்பார்களாம்.

அன்று அவர் எங்களிடம் ஒன்றைச் சொன்னார். நாற்பது வருடமாக மயக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு தடவைகூட மயங்கியதில்லை. அடுத்த மாதம் ஊர் திரும்பி ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஒரே ஒரு தடவை.

"அதுக்கென்ன சார், எங்க ஊர்ல வேணாம்னாலும் வரும்" என்றார் முருகேசன். "நீங்க சும்மா நில்லுங்க. நாங்க அடிக்கிறோம்."

முதல் வாரம் கண் செருகியது, தோள் ஆடியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வலது கை மெல்ல எழுந்து, சட்டைப் பைக்குள் போய், நோட்டுப் புத்தகத்தை எடுத்தது. 'நான்காம் நிமிடம், லேசான அசைவு' என்று குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், போயிற்று. இரண்டாம் வாரம் நோட்டைப் பிடுங்கிக்கொண்டோம், உள்ளங்கையில் எழுதினார். மூன்றாம் வாரம் பேனாவையும் பிடுங்கினோம், கடிகாரத்தைப் பார்த்தார்.

முருகேசன் பறையை இறக்கிவிட்டார். "சார், சாமி வர்ற நேரத்துல யாராச்சும் டைம் செக் பண்ணுவாங்களா? வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு!"

"எந்த நிமிடத்தில் திரும்பியது?" என்று ஆவலாகக் கேட்டார் பூசாரி சார்.

கடைசியில் விமலாதான் வழி சொன்னார். "அவர் எழுதாம இருக்க மாட்டார். வேற ஒருத்தர் எழுதினா போச்சு." தபால்காரர் வரும் நேரத்தைக்கூடக் குறித்து வைப்பவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூசாரி சார் தன் ஸ்டாப்வாட்சையும் நோட்டையும், குழந்தையைக் கொடுப்பதுபோல் என்னிடம் கொடுத்தார். மறுநாள் அவருக்கு விமானம்.

மாலை 5.10க்குப் பன்னிரண்டு பறைகள் ஒன்றாக எழுந்தன. இம்முறை அவர் கையில் ஒன்றுமில்லை. முதலில் முட்டி ஆடியது. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆங்கிலமும் இல்லை, அவருடைய மொழி போலவும் இல்லை. சுற்றினார், சுற்றினார், புல்லில் மெதுவாகப் படுத்துவிட்டார்.

விமலா தண்ணீர் பாட்டிலோடு பாய்ந்தார். "டீஹைட்ரேஷன்! காலைத் தூக்கிப் பிடிங்க!"

"டாக்டரம்மா, தொடாதீங்க. அது அருள்."

"அருளுக்கு எலக்ட்ரோலைட் குடுத்தா சாமி குத்தமா?"

வாக்குவாதம் முடிவதற்குள் பூசாரி சார் கண் விழித்தார். யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்தார்.

"எத்தனை நிமிடம்?"

ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். சுழியத்தில் நின்றது, நான் அதை அழுத்தவே இல்லை. நோட்டில் 5.10க்குப் பிறகு வெறும் தாள். என் செருப்பு ஒன்று மூன்று கார் தள்ளிக் கிடந்தது. அது எப்போது அங்கே போனது என்பதற்கும் என்னிடம் குறிப்பில்லை.

இரண்டு நிமிடம் என்றார் விமலா. கால் மணி நேரம் என்று முருகேசன் சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். பூசாரி சார் இருவரையும் கேட்கவில்லை. புல் ஒட்டிய தலையோடு, தேர்வு முடிவுக்கு நிற்பவரைப் போல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நோட்டில் 'பன்னிரண்டு நிமிடம்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

அந்த எண் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை.