தொறந்தா சூடு பூடும்

கள்ளக்குறிச்சியில் காபி குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் ஒரே ஒரு மனிதரைத்தான் திட்ட வேண்டும். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த அத்தனை ஹோட்டல்காரர்களும் பாலை அடுப்பிலிருந்து இறக்கவே பயந்தார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆவி. பேய், பிசாசு வகை ஆவி இல்லை. காபி டம்ளரிலிருந்து கிளம்புமே, அந்த ஆவி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது தெரிந்த அவருடைய அக்காவும் வாய் நிறைய "தம்பி" என்றே கூப்பிட்டதால் எங்களுக்குத் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லாமல் போயிற்று.

டம்ளரைக் கொண்டுவந்து வைத்தால் ஆவி அதைத் தொடமாட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு டம்ளருக்கு மேலே இருக்கிற காற்றைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் அசையவில்லை என்றால் போச்சு.

"இன்னா இது, மோரா?"

"காபிதான் சார். இப்பத்தான் போட்டது."

"எப்பன்னா போட்டிருப்பே. இன்னைக்கின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

இதற்குப் பயந்து, அவர் தலை தெருமுனையில் தெரியும்போதே சர்வர் உள்ளே பார்த்துக் கத்துவான்: "ஆவி வந்துகினு இருக்குது, அடுப்ப ஏத்து." வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுப் பாதி இட்லியோடு எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் சர்வே பிரிவில் வேலை பார்த்தோம். நிலம் அளக்கக் கல்வராயன் மலைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஜீப் மலை ஏறி வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் மனிதர்களே ஆறிப்போவோம், காபி எம்மாத்திரம். அதனால் ஆவி ஒரு பிளாஸ்க் வாங்கத் தீர்மானித்தார். துணைக்கு என்னையும் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று நான் லீவு போட்டது எதற்கென்று இன்றுவரை என் வீட்டில் சொன்னதில்லை.

பாத்திரக் கடையில் இருந்த பிளாஸ்க்குகளை எல்லாம் இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் வாயிலும் காதை வைத்துக் கேட்டார். உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரவேண்டுமாம். கண்ணாடிக் குடுவைக்கு அடியில் சின்னதாக ஒரு வால் இருக்கும், அது உடைந்திருந்தால் மொத்தமும் வீண் என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார். தக்கையை மோந்து பார்த்தார். பிறகு எதிர் டீக்கடையிலிருந்து கொதிக்கிற தண்ணீர் வரவழைத்து, தேறிய மூன்றிலும் ஊற்றி மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அங்கேயே பிரித்தார். வெளிப்பக்கம் கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பு தெரிந்தாலும் உள்ளே இருக்கிற சூடு வெளியே ஓடிவருகிறது என்று அர்த்தம் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். அவரைக் கடை ஆள் என்று நினைத்து ஒரு அம்மா இட்லிப் பானை விலை கேட்டார்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், பொண்ணு பாக்க வர்றவன்கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்."

"பொண்ணு தப்பாப் போனா பேசித் தீத்துக்கலாம். பிளாஸ்க்கு தப்பாப் போனா யாருகிட்ட பேசறது?"

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு நீலநிற பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வாங்கியதோடு முடிந்ததா என்றால் இல்லை. காபி ஊற்றுவதற்கு முன்னால் வெந்நீரை ஊற்றி பிளாஸ்க்கைச் 'சூடேத்த' வேண்டும். காபியைக் கழுத்துவரை ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் அந்த இடத்தில் காற்று குடிவந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: மூடியை அநாவசியமாகத் திறக்கக் கூடாது. இந்த விதியை அவர் கடைப்பிடித்த தீவிரத்தில், எது அவசியம் என்பதையே மறந்துபோனார். காலையில் கள்ளக்குறிச்சியில் ஊற்றிய காபி வெள்ளிமலை போய், எங்களோடு நாள் முழுக்கக் காடுமேடெல்லாம் சுற்றி, மாலையில் திறக்கப்படாமலேயே கீழே இறங்கும்.

ஒருமுறை மலையில் சாரல் பிடித்துக்கொண்டது. எங்கள் அதிகாரிக்குப் பல் தந்தியடித்தது.

"யோவ், ஒரு முழுங்கு குடுய்யா."

"தொறந்தா சூடு பூடும் சார்."

"தொறக்காம எப்பிடிய்யா குடிப்பே?"

"அதான் சார் நானும் குடிக்கல."

அங்கே எங்களுக்குக் கல் நட்டுக்கொடுத்த மலைக்காரர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "அவர இன்னாத்துக்கு ஆவின்னு கூப்புடுறீங்க?" என்று கேட்டார். உங்கள் ஊரில் ஆவி உண்டா என்று நான் கிண்டலாகத் திருப்பிக் கேட்டேன். "எங்க ஊருல ஏதுங்க. கீழேருந்து நீங்க கொண்டாந்தாத்தான்" என்றார் அவர்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண் காபி கொண்டுவருமே, அங்கேதான் வினை. ரிஷிவந்தியத்தில் ஒரு நல்ல இடம். பெண் வந்து டம்ளரை நீட்ட, எல்லோரும் பெண்ணைப் பார்க்க, இவர் மட்டும் டம்ளருக்கு மேலே இருக்கிற காற்றைப் பார்த்தார். "பொண்ணப் புடிச்சிருக்குதாங்க?" என்று கேட்ட பெண்ணின் அப்பாவிடம், "டம்ளர வெந்நீர்ல கழுவிட்டு ஊத்தியிருக்கணுங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த இடத்தில் பேசவே இல்லை; டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். சேதி பரவிற்று. இந்தப் பக்கத்துத் தரகர்கள் அவர் ஜாதகத்தைக் கையில் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு இது பெரிய வேதனை. கடைசியாக மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண்ணின் அப்பா சர்க்கரை மில்லில் கரும்பு எடை போடுகிறவர். தூரத்து ஊர் என்பதால் காபிக் கதை இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. இதையும் விட்டால் வேறு இடமே கிடையாது என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவர் என் எதிரிலேயே தம்பியை நிற்கவைத்துச் சொன்னார்:

"இந்த வாட்டி காபியப் பத்தி ஒரு வார்த்த பேசுனே, எனக்குத் தம்பியே கெடையாதுன்னு நெனச்சிக்கிறேன். ஆறிப்போச்சோ அவிஞ்சிபோச்சோ, சூடா இருக்குதுன்னு சொல்லிட்டு வரணும்."

"எப்பிடிக்கா பொய் சொல்றது?"

"ஊர்ல எல்லாரும் எப்பிடிச் சொல்றாங்களோ அப்பிடித்தான்."

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. நம் பக்கத்தில் இன்று எந்த ரோட்டில் மரம் கிடக்கும், நாளை எந்த ரோட்டில் பஸ் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. தள்ளிப்போடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு நாள்ல பொரட்டாசி பொறக்குது. அப்புறம் எங்க பொண்ணு பாக்கறது?" என்று அக்கா ஒரே போடாகப் போட்டார். வாடகைக் காரில் அக்கா, அக்கா வீட்டுக்காரர், நான், ஆவி, ஆவியின் மடியில் பிளாஸ்க். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் போன போக்கை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

சங்கராபுரம் தாண்டியதும் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கார் போகாது, வேண்டுமானால் நடந்து போங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவர்களில் ஒரு பெரியவர் பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டார்.

"காபியா? ஒரு வாயி குடுப்பா. காலையிலேருந்து பட்டினியா ஒக்காந்துகினு இருக்கோம்."

"தொறந்தா சூடு பூடுங்க."

மரத்தின்மேல் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் கொஞ்ச நேரம் ஆவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு வூட்டுக்கு எடுத்துக்கினு போறாரு போல. வுடுங்கப்பா, பத்தரமா போவட்டும்."

அங்கிருந்து வெறும் கரும்பு வண்டி ஒன்று கிடைத்தது. பட்டுச் சேலை கட்டிய அக்கா அதில் ஏறி உட்கார்ந்தார். வயல் வழியாக வண்டி குலுங்கிய குலுங்கலில், கண்ணாடி உடையாமல் இருக்க ஆவி பிளாஸ்க்கைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மறுபடி ரோட்டில் ஏறிய இடத்தில் போலீஸ்.

"அது இன்னாய்யா, பாமா?"

"பிளாஸ்க்கு சார். தொட்டுப் பாருங்க, வெளிய சில்லுன்னு இருக்குதா?"

"பாமும் வெளிய சில்லுன்னுதான்யா இருக்கும். தொறந்து காட்டு."

"தொறந்தா சூடு பூடும் சார்."

அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். பெண் பார்க்கப் போகிறோம், நேரமாகிறது, இவன் என் தம்பி, இவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்று அழுதபடி சொன்னார். ஏட்டு ஒருவர் சிரித்துவிட்டார். "பொண்ணு பாக்கப் போறவன் கொண்டு போற குண்டு அவனுக்குத்தான்யா வெடிக்கும். வுடு" என்றார்.

காலையில் போய்ச் சேர வேண்டியவர்கள் மாலை வெயிலில் போய் இறங்கினோம். வண்டி புதைந்த இடங்களில் இறங்கி நடந்ததில் முழங்கால்வரை சேறு. நானும் ஆவியும் கால் கழுவ வீட்டின் பின்பக்கம் போனோம். சமையல்கட்டில் தாயும் மகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது எங்கள் காதில் விழுந்தது. எங்களுக்காக வாங்கி வைத்த பாலைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சியதில் அது திரிந்துபோயிருந்தது. மறியலால் பால்காரரும் வரவில்லை. சர்க்கரை மலைபோல் குவிகிற ஊரில், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க ஒரு சொட்டுப் பால் இல்லை.

"வந்தப்ப ஒரு காபிகூட குடுக்கலன்னு போயி சொல்லுவாங்களே" என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது பெண் வெளியே எட்டிப் பார்த்தது. பார்வை மாப்பிள்ளை முகத்தில் நிற்கவில்லை; நேராகத் தோளுக்குப் போயிற்று.

"அதுல இன்னாங்க?"

"காபிங்க."

"காலையில ஊத்துனதா?"

"காலையிலதான்."

பெண் உதட்டைப் பிதுக்கியது. "அப்ப ஆறிப்போயிருக்கும்."

ஆவியை அவருடைய அதிகாரி கேட்டிருக்கிறார், போலீஸ் கேட்டிருக்கிறது, பட்டினி கிடந்தவர் கேட்டிருக்கிறார். அசையாத அந்த மனிதர் இந்த ஒரு வார்த்தைக்குத் துடித்துப்போனார். "ஆறுறதா? என் பிளாஸ்க்குலயா? இங்க பாருங்க" என்று மூடியைத் திருகித் தக்கையைப் பிடுங்கினார். குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. அந்தக் காட்சியை அவர் கண்குளிரப் பார்த்து முடிப்பதற்குள் பெண் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஆவி வெறும் தக்கையோடு நின்றார்.

கூடத்தில் போய் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் பெண் தட்டோடு வந்தது. அக்காவுக்கு, அவர் வீட்டுக்காரருக்கு, எனக்கு, தன் அப்பாவுக்கு, பக்கத்து வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பெரியவர்களுக்கு. கடைசியில்தான் மாப்பிள்ளைக்கு. அதற்குள் பிளாஸ்க் காலி. அவர் டம்ளரில் அரைக்கும் கீழே இருந்தது. பெரியவர்கள் பேசிப் பேசித் தாமதித்ததில் அதுவும் தட்டிலேயே ஆறிப்போயிருந்தது. டம்ளருக்கு மேலே காற்று அசையவே இல்லை.

"காபி அமிர்தமா இருக்குதும்மா" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய காபி, அவருடைய பிளாஸ்க், அதில் ஆறிப்போன அடி வண்டல் மட்டும் அவருக்கு. அந்தப் பெண்ணும் கதவு ஓரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

ஆவி ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா சூடா இருக்குதுங்க" என்றார்.

அந்தப் புரட்டாசி முடிந்ததும் கல்யாணம்.

போன மாதம் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. அண்ணி, அதாவது அந்த மூங்கில்துறைப்பட்டுப் பெண், எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார். அவர் வந்து உட்காரும்வரை ஆவி டம்ளரைத் தொடவில்லை. காபியின் மேல் ஆடை படிந்து சுருங்கியே போயிற்று.

"சூடா இருக்குதா?" என்று கேட்டார் அண்ணி.

"நல்லா சூடா இருக்குது."

அண்ணி என் பக்கம் திரும்பி, "அன்னைக்கி ஒரு வாட்டி சொன்னாரு. அதுக்கப்புறம் மாத்திக்கவே முடியல பாவம்" என்றார். அன்று ஆறிப்போயிருக்கும் என்று வேண்டுமென்றேதான் சொன்னீர்களா என்று கேட்டேன். "பின்ன, கெஞ்சிக் கேட்டா தொறந்திருப்பாரா?" என்று சிரித்தார்.

கிளம்பும்போது ஆவி பஸ் ஸ்டாண்டுவரை வந்து, பிளாஸ்க்கை என் தோளில் மாட்டிவிட்டார். உள்ளே கண்ணாடி எத்தனையோ முறை மாறியிருக்கும், ஆனால் அதே நீல பிளாஸ்க். "வழியில நல்ல காபி கெடைக்காது" என்றார். அவர் தானாக இன்னொருவருக்குக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

விழுப்புரம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: "மடியில பிளாஸ்க்க வச்சிகினு சும்மா வர்றீங்களே, குடிக்கலையா?"

"தொறந்தா சூடு பூடுங்க" என்றேன்.