சாவகத்து எரிமலையில் நடந்த வரப்புப் போர்

கேண்மின் உலகத்தீரே! மலையென்ற ஒன்றைக் காலண்டரில் மட்டுமே கண்ட நீடாமங்கலச் சீமையின் அரிமா, மைக் இன்றியே மும்மாரி பொழியும் முன்னாள் கிளைச் செயலாளர், கரைத்துண்டு தவழும் கழுத்தினர் நடராசனைப் பாடப் புகுந்தோம். அன்னார் பகுத்தறிவாளர் ஆதலின் கடவுள் வாழ்த்தை விடுத்து நேரே ஆள் வாழ்த்துக்கு வந்துவிட்டோம். வாழ்க அவர் மூட்டுவலி!

பகைவர் யார்? பக்கத்து வயல் பஞ்சநதம். இருவர் வயலுக்கும் இடைக்கிடந்த வரப்பை, உழவுதோறும் இவர் இப்புறமும் அவர் அப்புறமும் மண்வெட்டியால் செதுக்கிச் செதுக்கி, நண்டும் நின்று யோசிக்கும் நூலிடையாக்கி, அது எவருடையது என்று கோர்ட்டேறி, ஆட்சிகள் மாறினும் மாறாத வழக்கை அவர்கள் வளர்த்துவந்த காலையில், இவர் மகனும் அவர் மகளும் அதே வரப்பில் கண்டு, காதலித்து, மணந்து, பிழைப்புக்குச் சாவகமெனும் ஜாவாத் தீவேகி, பெற்றோரை விருந்துக்கழைத்து எரிமலை காட்டக் கூட்டிப்போயினர்.

அடிவாரத்தில் நடராசன் துண்டை உதறி முழங்கினார்: "மண் என் மானம்! வரப்பு என் வாழ்வு! மேலே புகையும் அந்த வாயை முதலில் தொடுபவருக்கே வரப்பு! சம்மதமா சம்பந்தி?"

"சம்மதம். தோத்துட்டு அப்பீல் போடக்கூடாது, ஆமா," என்றார் பஞ்சநதம்.

"ஏங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று வீரத்திலகமிட்டாள் நடராசன் மனைவி ஆனந்தவல்லி.

புறப்பட்டது படை. கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்க, சரளை காலை வார, வழியோரத்து நீலக் குளத்தையும் பேரருவியையும் ஏறிட்டும் பாராது, மதங்கொண்ட களிறென நடராசனும், அக்களிற்றுக்கு மூச்சிரைப்பதைக் கேட்டு மகிழ்ந்தவாறே பஞ்சநதமும் ஏறினர். உச்சிக்குச் சற்றுக் கீழே, முந்திவந்த நம் நாயகர் திடுமென நின்றார். எதிரே, உழுது பரம்படித்த நடவு வயல்போல் கருகருவென்று விரிந்தது சாம்பல் மண். செருப்புக்காலோடு வயலில் இறங்குவதோ? ஏழு தலைமுறையின் பழக்கம் அவரைக் கேளாமலே செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தது, வேட்டியை மடித்துக் கட்டியது, இறங்கியது.

நெல் அவிக்கும் அண்டாவில் மிதித்தவர்போல் அவர் எழுப்பிய பேரொலியில் மேகம் கலைந்தது. எம்பினார், ஆடினார், பெயருக்கேற்ற தாண்டவம் புரிந்தார். வந்து சேர்ந்தார் பஞ்சநதம். வெற்றி கைக்கெட்டிய தூரம். நேரே நடந்தால் வரப்பு அவருடையது. அவரோ ஓரத்திலிருந்த செருப்பைக் கண்டார், மண்ணைக் கண்டார். தம்முடையதையும் பயபக்தியோடு கழற்றி அருகே வைத்து இறங்கினார். சாவகம் கண்டது இரட்டைத் தாண்டவம்.

இருவரையும் இழுத்து உட்காரவைத்து, கொப்புளித்த பாதங்களில் குடிதண்ணீரை ஊற்றினாள் பஞ்சநதத்தின் மகள். "செருப்போட போயிருந்தா ஜெயிச்சிருப்பீங்களேப்பா!"

"வயலுக்குள்ளயா?" என்றார் பஞ்சநதம், அதிர்ந்து.

"அதானே! கேக்குறா பாருங்க சம்பந்தி," என்று வாழ்நாளில் முதன்முறையாக அவரோடு ஒத்துப்போனார் நடராசன்.

வழக்குக்கு மறுபடியும் வாய்தா போட்டிருக்கிறார்கள்.