யாரும் பார்க்காத வீல்

ஓமனா சேலையை ஒதுக்கிக்கொண்டு காரில் ஏறினாள். வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஏறும்போது அவள் கால்மாட்டில்தான் முன்வீல் இருந்தது. அவள் பார்க்கவில்லை.

ரெத்தினதாஸ் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, சாவிய மறந்தாச்சா?"

"இல்ல. வண்டியில ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?"

ஓமனா முன்கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். "காக்கா எச்சம் கெடக்கு. ஆராதனைக்கு நேரமாவுது, போங்க."

போனார்கள்.

அந்த அலாய் வீல்களுக்காக ரெத்தினதாஸ் ஒரு மாதம் அலைந்திருந்தார். மார்த்தாண்டத்தில், மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்தவை. ஒன்றின் விளிம்பு நெளிந்திருந்தது. மற்ற மூன்றும் கல்லில் உரசிச் சொரசொரவென்று இருந்தன. தன் காரின் இரும்பு வீலைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்து, போல்ட் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் வாங்கினார். களியக்காவிளைப் பட்டறையில் நெளிவை நிமிர்த்தினார்கள், பழைய பெயின்டை மணல் பீய்ச்சி உரித்தார்கள், பவுடர் கோட்டிங் போட்டு அடுப்பில் சுட்டு எடுத்தார்கள். அடுப்பு திறந்தபோது அவர் பக்கத்தில் நின்றார். வெள்ளித் தாம்பாளம் போல இருந்தது.

சனிக்கிழமை மதியம் டயர் ஏற்றி, பாலன்ஸ் பார்த்து, மாட்டியாயிற்று. கழற்றிய இரும்பு வீல்களை வீட்டுக்குப் பின்னால் பரப்பிவைத்துத் தார்ப்பாயால் மூடினார். ஓமனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது காட்டியதாகிவிடும். தானாகப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை யாராவது சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் காலம் முழுக்கக் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். பிரிவுபசாரக் குழுப்படத்தில்கூட அவர் முகம் மேலதிகாரியின் தோளுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

சபை வளாகத்தில், எல்லோரும் செருப்பைக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தினார். ஆராதனை முடிந்து அத்தனை பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வாலிபர் சங்கத்து நிஜின் வந்து நின்றான். ஹார்ன் சத்தத்தை வைத்தே என்ன கார் என்று சொல்லிவிடுகிறவன். ரெத்தினதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நிஜின் வீலுக்கு அருகே வந்து, சட்டென்று அண்ணாந்து தென்னையைப் பார்த்தான்.

"தெங்கு இந்த வருசம் நல்லா காய்ச்சிருக்கு, இல்லியா அங்கிள்?"

திங்கட்கிழமை ரெத்தினதாஸ் காரைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் போட்டார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து முன்வீல்கள் இரண்டும் ரோட்டைப் பார்க்கும்படி வைத்தார். வாழைக்குலை ஏற்றி வந்த ஒரு பெட்டி ஆட்டோ பின்கதவில் உரசிக்கொண்டு போயிற்று. நகம் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது.

அடுக்களை ஜன்னலிலிருந்து ஓமனா கத்தினாள். "கதவுல என்ன கோடு?"

அடுத்த வீட்டு சுயம்பு ஓடி வந்தான். அவன் மனைவி அம்மிணி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். மூவரும் கோட்டை ஆராய்ந்தார்கள். ஒரு சாண் தள்ளி வீல் மின்னிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இது பாலிஷ் போட்டா போகாது. உள்ள வர இறங்கியாச்சு" என்றான் சுயம்பு.

"எலே, அது கெடக்கட்டு. வேற ஒண்ணும் காணல்லியா நீ?"

"வேறயும் உரசியிருக்கா?" என்று சுயம்பு எழுந்து, காரின் கூரையைத் தடவிப் பார்த்தான்.

வெள்ளி நிறம் கண்ணுக்குப் பிடிபடவில்லையோ என்று ரெத்தினதாஸ் யோசித்தார். மறுநாள் காலையில் ஒரு சின்ன பிரஷ்ஷும் சிவப்பு பெயின்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாலு வீலுக்கும் விளிம்பில் ஒரு வளையம் வரைந்தார். கை நடுங்காமல் வரைந்தார். கடைசி வீலில் எழுந்திருக்கும்போது டப்பா சரிந்து மடியில் கொட்டியது. ஈஸ்டருக்கு எடுத்த பாலராமபுரம் வேட்டி.

"அய்யோ, அண்ணனுக்கு ரெத்தம்!" என்று அம்மிணி மதிலுக்கு அப்புறமிருந்து அலறினாள்.

ஓமனா கரண்டியோடு வந்தாள். முட்டுக்காலில் அவளுடைய கணவர், அவருக்குப் பின்னால் சிவப்பு வளையம் போட்ட வீல். அவள் வேட்டியைப் பார்த்தாள்.

"வெள்ள வேட்டிய உடுத்துக்கிட்டு ஆராவது பெயின்ட் டப்பாவத் தொடுவாங்களா? மண்ணெண்ண கொண்டு வாறேன், நில்லுங்க."

எதில் அடித்தீர்கள் என்று கேட்கவில்லை. அவர் மண்ணெண்ணெய் வாசனையோடு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பின்பக்கம் போனபோது, இரும்பு வீல்களை மூடிய தார்ப்பாயின் மேல் ஓமனா மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக் காயப்போட்டிருப்பதைக் கண்டார். நாலு மேடாக இருந்த தார்ப்பாய். கீழே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்கத் தோன்றாத ஒரு பெண்ணோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காரோடு என்ற ஊரில் ஓமனாவின் அக்கா மகள் ஜீனாவுக்குக் கல்யாண நிச்சயம். சுயம்புவும் அம்மிணியும் கூட வருவதாக இருந்தது. எல்லோரும் உடுத்து வெளியே வருவதற்குள் ரெத்தினதாஸ் பின்வீல் ஒன்றின் காற்றைத் திறந்துவிட்டார். வீலைக் கழற்றுகிறவன் வீலைப் பார்க்காமல் எப்படிக் கழற்றுவான்?

சுயம்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஜாக்கி வைத்தான். அலாய் வீலைக் கழற்றி மார்போடு அணைத்துத் தூக்கி டிக்கியில் போட்டான். டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை மாட்டினான். ஸ்டெப்னி கறுப்பு இரும்பு. இப்போது காருக்கு மூன்று வெள்ளி வீலும் ஒரு கறுப்பு வீலும்.

"பாத்தா எப்பிடி இருக்கு, சுயம்பு?"

"நல்லா முறுக்கியிருக்கேன் அண்ணா. களராது."

அங்கே போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பருப்பு தீர்ந்திருந்தது. ரசமும் ஒரு உடைந்த பப்படமும் கிடைத்தன. திரும்பி வரும்போது பின்சீட்டில் அம்மிணி தன் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் காற்று அடித்து அலாய் வீலைத் திரும்ப மாட்டினார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போய்க் கூப்பாடு போட்டார்.

"ஓடி வாங்களே! களவு! காருக்க வீல களட்டிட்டுப் போயிட்டான்!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். இனிப் பார்க்காமல் தப்ப முடியாது. சுயம்பு ஓமனாவைப் பார்த்தான். ஓமனா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"களவுன்னா போலீசுக்குச் சொல்லணும். சுயம்பு, ஒனக்க மச்சினனக் கூப்பிடு."

அம்மிணியின் தம்பி ஷிஜு போலீஸ்காரன். டூட்டிக்குப் போகிற வழியில், சீருடையோடு பைக்கில் வந்து இறங்கினான்.

"என்ன களவு போச்சு அண்ணா?"

"நாலு வீலு. இரும்பு வீலு."

"நாலும் வண்டியில உண்டே."

"அது வேறயாக்கும். பழசக் களட்டிட்டு இத மாட்டிட்டுப் போயிருக்கான்."

ஷிஜு காரைச் சுற்றி வந்தான். குனிந்து ஒரு வீலை விரலால் சுண்டினான். "நல்ல வீலாச்சே. என்னா ஒரு பினிஷிங்! இந்தச் செவப்பு வளையமும் சூப்பர்."

ரெத்தினதாஸின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அழாதீங்க அண்ணா, பிடிச்சிரலாம்" என்று ஷிஜு அவர் தோளைத் தட்டினான். "இரும்ப எடுத்துட்டு அலாய மாட்டிட்டுப் போறான்னா, கள்ளன் நஷ்டத்துலயாக்கும் தொழில் நடத்துதான். ஒண்ணு செய்வோம். இது நாலும் தொண்டிமுதல், கேசுக்குச் சாட்சி. களட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டு போணும். கேசு முடிஞ்சா கோர்ட்டு வழியா கிட்டும்."

"எப்போ முடியும்?"

"அது சொல்ல ஒக்காது. அத்தான், அந்த ஜாக்கிய எடுங்க."

சுயம்பு ஜாக்கியை வைத்தான். வண்டி ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. ரெத்தினதாஸ் வீட்டுக்குப் பின்னால் ஓடினார். எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். அவர் தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மரச்சீனி முற்றமெங்கும் சிதறியது. இரும்பு வீல் நான்கும் வெயிலில் வந்தன.

"களவு ஒண்ணும் போகல்ல" என்றார்.

"அப்போ கள்ளன் ஆரு?"

"நானாக்கும்."

ஷிஜு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான். "பொய்க் கேசு குடுத்தா என்ன ஆவும்னு தெரியுமா? இப்பிடி ஒரு பொய் என்னத்துக்கு?"

ரெத்தினதாஸ் சிதறிக் கிடந்த மரச்சீனித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரும் பாக்கல்ல, மக்கா. ஒரு வாரமா மாட்டியிருக்கேன். ஒருத்தரும் பாக்கல்ல."

ஓமனா குனிந்து மரச்சீனியைப் பொறுக்கத் தொடங்கினாள். அம்மிணி பின்கழுத்தைத் தடவிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஓமனாக்கா, ஆராவது ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொன்னா இவரு அடுத்தது கூரைய வெட்டிக் கண்ணாடி வைப்பாருன்னு சொல்லி ஆரும் அதப் பாக்கவே கூடாதுன்னு சனிக்கிழமையே ஊரு முச்சூடும் வெலக்கினீங்களே, இனியாவது அந்த வீல நாங்க ஒண்ணு பாத்துக்கிடட்டா? தலையத் திருப்பித் திருப்பி நடந்து எனக்குக் களுத்து பிடிச்சுப்போச்சு."